முக்கோணத்தில் வெளிச்சம் எங்கே?

முதல் கேமரா வாங்கியவர்களுக்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டால், தெரிந்தவர்கள் வாயிலிருந்து சட்டென்று வரும் பெயர் பிரையன் பீட்டர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்'. 1990-ல் முதல் பதிப்பு, 2016-ல் நான்காம் பதிப்பு. ஃபிலிம் காலத்தில் பிறந்து, டிஜிட்டல் காலத்தைத் தாண்டி, இன்றும் விற்கிற புத்தகம். யூடியூபில் 'எக்ஸ்போஷர் ட்ரையாங்கிள்' என்று தேடினால் வருகிற வீடியோக்களில் பாதிக்கு மேல், தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள்தான்.

போன மாதம் இதை மறுபடி முழுசாக வாசித்தேன். நல்ல புத்தகம். ஆனால் அதன் மையத்தில் இருக்கும் முக்கோணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கள் திரும்பத் திரும்ப விழுவது அந்த ஓட்டையில்தான் என்பது என் வாதம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில், புத்தகம் எதைச் சரியாகச் செய்கிறது

முக்கோணம் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. அபர்ச்சர் என்பது லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. ஷட்டர் ஸ்பீடு என்பது வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே விழுகிறது என்பது. மூன்றாவது ஐஎஸ்ஓ. ஒன்றை மாற்றினால் இன்னொன்றை ஈடுகட்டி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் பாடம். பீட்டர்சன் இதை 'ஃபோட்டோகிராஃபிக் ட்ரையாங்கிள்' என்கிறார்.

ஆனால் அவர் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. ஒரே காட்சிக்குச் சரியான வெளிச்சம் தருகிற சேர்க்கைகள் பல இருக்கும், அதில் நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லும் சேர்க்கை ஒன்றுதான் என்கிறார். அபர்ச்சரை மூன்று வகையாகப் பிரிக்கிறார். முன்னால் இருக்கும் பூவிலிருந்து பின்னால் இருக்கும் மலைவரை எல்லாம் தெளிவாக வேண்டுமா, அது கதை சொல்லும் அபர்ச்சர். ஒருவர் முகம் மட்டும் போதுமா, அது தனிமைப்படுத்தும் அபர்ச்சர். எதிரே ஒரு சுவர், எல்லாம் ஒரே தூரம் என்றால் 'யாருக்குக் கவலை' அபர்ச்சர். இந்தப் பிரிவு அருமை. எஃப் எண்களை மனப்பாடம் செய்கிற வேலையை, 'நான் என்ன காட்டணும்?' என்ற கேள்வியாக மாற்றிவிடுகிறார். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தத் துறையிலும் இப்படிக் கேள்வியை மாற்றித் தரும் ஆசிரியர்கள் குறைவு.

பச்சை இலைகளை அளந்து எக்ஸ்போஷர் வைக்கும்போது மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து வை என்கிற 'மிஸ்டர் கிரீன் ஜீன்ஸ்' பாடமும் உருப்படியானது. நம்மூர் நெல் வயலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

தேனீக்கள் செய்யாத வேலை

சிக்கல் ஐஎஸ்ஓ-வில் தொடங்குகிறது. பீட்டர்சன் அதற்குச் சொல்லும் உவமை வேலைக்காரத் தேனீக்கள். ஐஎஸ்ஓ 100 வைத்தால் நூறு தேனீ, 200 வைத்தால் இருநூறு தேனீ. தேனீ கூடினால் வெளிச்சத்தைச் சேகரிக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் இதில் ஓரளவு உண்மையும் இருந்தது. வேகமான ஃபிலிமில் வெள்ளி உப்புப் படிகங்கள் பெரிதாக இருக்கும். பெரிய படிகத்தில் ஃபோட்டான் வந்து விழும் வாய்ப்பு அதிகம். நாலைந்து ஃபோட்டான் பட்டாலே முழுப் படிகமும் டெவலப்பரில் கறுத்துவிடும். ஆக, வேகமான ஃபிலிம் வாங்கினால் உண்மையிலேயே வேறு ஒரு பொருளை வாங்குகிறீர்கள்.

டிஜிட்டல் சென்சார் அப்படி இல்லை. கேமராவுக்குள் இருப்பது ஒரே சென்சார். அது எத்தனை ஃபோட்டானைப் பிடிக்கும் என்பது ஃபேக்டரியிலேயே முடிவாகிவிட்டது. ஐஎஸ்ஓ-வை 100-லிருந்து 3200-க்குத் திருப்பினால் ஒரு தேனீகூட கூடாது. பிடித்து வைத்த சிக்னலைப் பெருக்கும் அளவுதான் மாறும்.

இதை நான் சொந்தமாகச் சொல்லவில்லை. ஐஎஸ்ஓ 12232 என்கிற தர நிர்ணய ஆவணத்தின் 2006 பதிப்பு இதை எண்களில் சொல்கிறது. அதில் இருக்கும் ஒரு வரையறைப்படி, ஐஎஸ்ஓ 100 என்றால், சென்சாரில் 0.1 லக்ஸ்-விநாடி வெளிச்சம் விழுந்த இடம், கடைசியில் வரும் 8 பிட் ஜேபெக் படத்தில் 118 என்ற மதிப்பாக வர வேண்டும். அதாவது கிட்டத்தட்ட நடுச்சாம்பல். ஐஎஸ்ஓ 3200 என்றால் அதே 118 வருவதற்கு 0.003125 லக்ஸ்-விநாடி போதும். கவனியுங்கள், இது சென்சாரின் திறனைப் பற்றிய வாக்குறுதி இல்லை. 'இவ்வளவு வெளிச்சம் கொடு, இவ்வளவு பளிச்சென்று படம் தருகிறேன்' என்ற ஒப்பந்தம். எங்கள் பாஷையில் சொன்னால் ஏபிஐ. உள்ளே எப்படிச் செய்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

ஆக, எக்ஸ்போஷர் என்றால் சென்சாரில் உண்மையில் விழுந்த வெளிச்சம். அதில் அபர்ச்சர் உண்டு, ஷட்டர் உண்டு. ஐஎஸ்ஓ இல்லை. அப்போ மூன்றாவது ஆள் யார்?

கைவிடப்பட்ட எழுத்து

கேனான் கேமராவின் மோடு டயலில் 'ஏவி', 'டிவி' என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். (அந்த டிவி-யில் சீரியல் ஓடாது.) புதுசாக வாங்கினவர்கள் இதென்ன சுருக்கம் என்று குழம்புவார்கள். அது 1960-ல் அமெரிக்கத் தர நிர்ணயத்தில் வந்த ஏபெக்ஸ் என்கிற முறையின் மிச்சம். பெருக்கல் வகுத்தல் எல்லாவற்றையும் கூட்டல் கழித்தலாக மாற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். சமன்பாடு இதுதான்:

ஏவி + டிவி = பிவி + எஸ்வி

ஏவி அபர்ச்சர். டிவி நேரம். எஸ்வி ஃபிலிம் அல்லது ஐஎஸ்ஓ. மீதி இருக்கும் பிவி என்ன? காட்சியின் வெளிச்சம். அதாவது உங்கள் எதிரே இருக்கும் முகம், சுவர், வயல் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது. ஒவ்வொரு எண்ணும் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு.

சமன்பாட்டில் இருப்பது நாலு பேர். முக்கோணம் போட்டவர்கள் அதில் ஒருவரை வெளியே தள்ளிவிட்டார்கள். தள்ளியது யாரை? ஃபோட்டோகிராஃபியில் எதற்குப் பேரே 'ஒளி'ப்படம் என்று வைத்தோமோ, அந்த ஆளை.

வேடிக்கை என்னவென்றால் கேமரா அவரை மறக்கவில்லை. படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் 'பிரைட்னஸ் வேல்யூ' என்றே ஒரு புலம் இருக்கிறது, அதே ஏபெக்ஸ் அலகில். பல கேமராக்களும் போன்களும் அதை எழுதுகின்றன. எக்ஸிஃப்டூல் போட்டுப் பார்த்தால் தெரியும்.

எண்களைப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் புரியும். நல்ல வெயிலில் எஃப் 16, 1/125 விநாடி, ஐஎஸ்ஓ 100 வைத்தால் படம் சரியாக வரும் என்பது பழைய ஃபிலிம் பெட்டிக்குள் அச்சடித்து வந்த விதி. ஏபெக்ஸில் அது 8 + 7 = 10 + 5. ஆக, வெயிலின் பிவி 10. ஒரு சாதாரணக் கல்யாண மண்டபத்துக்குள் பிவி 2 பக்கம் இருக்கும். வித்தியாசம் 8 ஸ்டாப், அதாவது 256 மடங்கு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற பத்தே அடியில் வெளிச்சம் 256-ல் ஒரு பங்காகிவிட்டது! நம் கண்ணுக்கு 'கொஞ்சம் இருட்டு' என்றுதான் படும். கண் அவ்வளவு நன்றாகச் சரிக்கட்டுகிறது. முதல் கேமராவோடு வருகிறவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். முக்கோணத்தில் இதற்கு மூலையே இல்லை.

பீட்டர்சன் புத்தகத்தில் இது ஏன் உறுத்தவில்லை என்று யோசித்தேன். அதில் இருப்பவை பெரும்பாலும் வெளிப்புறக் காட்சிகள். மலை, பூ, சூரிய அஸ்தமனம், நகர விளக்குகள். வெயிலில் பிவி தாராளமாக இருக்கிறது, இருட்டென்றால் ட்ரைபாட் இருக்கிறது. ட்ரைபாட் போட்டால் மலை அசையாது. நம்ம ஆட்கள் முதல் கேமராவில் எடுப்பது என்ன? ட்யூப் லைட் வெளிச்சத்தில் குழந்தை, மண்டபத்தில் சடங்கு, கோயில் பிரகாரம். எல்லாம் பிவி மூன்றுக்குக் கீழே. எல்லாமே அசையும்.

சரியான எக்ஸ்போஷரில் நானூறு கலங்கல்

அக்கா மகள் போன வருஷம் முதல் கேமரா வாங்கினாள். கூட வரும் 18-55 லென்ஸ். வார இறுதி ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்து முக்கோணம் கற்றாள். (இந்தப் பழி பீட்டர்சனுக்குப் போகக் கூடாது. அது வேறு யாரோ நடத்தியது.) எங்கள் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு, 'ஃபோட்டோகிராஃபர் வேணாம், தாத்தாவை நானே எடுக்கிறேன்' என்று பொறுப்பெடுத்துக்கொண்டாள். நானூறு சொச்சம் படம்.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் எல்லாவற்றிலும் கச்சிதம். ஆனால் பெரும்பாலானவற்றில் ஆட்கள் கலங்கியிருந்தார்கள். சல்லடை வழியாகத் தண்ணீர் ஊற்றும் கைகள், அப்பா சிரிக்கும்போது தலை, எல்லாம் கரைந்திருந்தன. எக்ஸிஃப் பார்த்தேன். எஃப் 5.6, 1/15 விநாடி, ஐஎஸ்ஓ 400. வரிசையாக அதே.

"ஏண்டா ஐஎஸ்ஓ-வ ஏத்தல?"

"400-க்கு மேல போனா நாய்ஸ் வந்துரும், படம் கெட்டுரும்னு வகுப்புல சொன்னாங்க மாமா. லென்ஸ்லதான் ஸ்டெபிலைசர் இருக்கே?"

ஸ்டெபிலைசர் அவள் கை நடுக்கத்தைச் சரி செய்யும். தாத்தாவின் தலையாட்டலை அதனால் நிறுத்த முடியாது.

சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 5 + 4 = 2 + 7. கணக்கு துல்லியம்! முக்கோணப் பாடத்தின்படி அவளுக்கு நூற்றுக்கு நூறு. நடமாடும் ஆட்களுக்கு 1/125 வேண்டும், அதாவது டிவி 7. அப்போது 5 + 7 = 2 + 10. எஸ்வி 10 என்றால் ஐஎஸ்ஓ 3200. அவ்வளவுதான் செய்திருக்க வேண்டியது. அல்லது 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கி எஃப் 2-ல் வைத்திருந்தால் 2 + 7 = 2 + 7. அவள் ஆசைப்பட்ட ஐஎஸ்ஓ 400-லேயே 1/125 கிடைத்திருக்கும். பின்னால் இருப்பவர்கள் மங்குவார்கள், பரவாயில்லை.

நாய்ஸ் உள்ள படத்தை என்றைக்கும் கொஞ்சம் சுத்தம் செய்யலாம், பிரிண்ட் போட்டால் பாதி தெரியாது. கலங்கிய படத்துக்கு மருந்து கிடையாது. எண்பது வயசும் இரண்டு தடவை வராது. கடைசியில் ஆல்பத்தில் போனது சித்தப்பா போனில் எடுத்த படங்கள். அந்தப் போன் யாரையும் கேட்காமல் ஐஎஸ்ஓ-வை ஏற்றிக்கொண்டது.

நாய்ஸ் எங்கிருந்து வருது

ஐஎஸ்ஓ-தான் நாய்ஸைக் கொண்டுவருகிறது என்ற நம்பிக்கைக்கும் முக்கோணமே காரணம். பெரும்பாலான முக்கோணப் படங்களில் ஐஎஸ்ஓ பக்கத்தில் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருப்பார்கள்.

உண்மையில் வெளிச்சமே கொஞ்சம் சீரற்றது. மழைத்துளி மாதிரி. ஒரே அளவு பாத்திரங்களை முற்றத்தில் வைத்தால், தூறலில் ஒன்றில் பத்துத் துளி விழும், பக்கத்தில் ஆறு. அடைமழையில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிரம்பும். ஃபோட்டானும் அப்படியே. ஒரு பிக்ஸலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. பத்து சதவீதம், பொரிந்தாற்போல் தெரியும். இதில் ஐஎஸ்ஓ எங்குமே வரவில்லை. நாய்ஸ் வருவது வெளிச்சம் போதாததால். ஐஎஸ்ஓ-வை ஏற்றுவதும் வெளிச்சம் போதாததால். இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றை இன்னொன்றுக்குக் காரணம் ஆக்கிவிட்டோம். ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரைத் திட்டுகிற கதை.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ராத்திரி மங்கலான அறை, கேமராவை மேஜைமேல் வையுங்கள், ரா ஃபைல். அபர்ச்சரையும் ஷட்டரையும் மாற்றாமல் ஒரு படம் ஐஎஸ்ஓ 200, ஒரு படம் ஐஎஸ்ஓ 1600. முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் 3 ஸ்டாப் ஏற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் 1600-ல் எடுத்ததே சுத்தமாக இருக்கும். சிக்னலை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே பெருக்கிவிட்டதால், மாற்றும்போது சேரும் எலக்ட்ரானிக் இரைச்சல் அதில் அமுங்கிவிடுகிறது. பதிலுக்கு ஒரு விலை உண்டு. 1600-ல் எரிகிற பல்பு, ஜரிகை மினுக்கம் போன்றவை 3 ஸ்டாப் முன்னதாகவே வெளுத்துப்போகும். ஐஎஸ்ஓ-வின் நிஜமான தீமை அதுதான். அதை எந்த முக்கோணமும் சொல்வதில்லை.

மேனுவல் பக்தி

பீட்டர்சன் ஆரம்பத்திலேயே மேனுவல் மோடுக்குப் போகச் சொல்கிறார். அவர் காரணம் நியாயமானது. கையால் செய்தால்தான் மூன்று எண்ணுக்கும் உள்ள உறவு மனதில் பதியும். பயிற்சிக்கு ஒரு வாரம் அப்படி எடுப்பதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் இங்கே அது ஒரு மதமாகிவிட்டது. 'நீ இன்னும் ஏவி-லயா எடுக்கிற?' என்று கேட்கிற ஆட்கள் எல்லா ஃபோட்டோ வாக்கிலும் இருக்கிறார்கள். மேனுவல் மோடில் புதியவர் உண்மையில் என்ன செய்கிறார்? வ்யூஃபைண்டருக்குள் தெரியும் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை சக்கரத்தைச் சுற்றுகிறார். அதையேதான் ஆட்டோவும் செய்கிறது, இன்னும் வேகமாக. முள்ளை நடுவில் நிறுத்தியதால் முடிவு உங்களுடையது ஆகிவிடாது. முள் சொல்வதைக் கேட்க மறுக்கும் இடத்தில்தான் உங்கள் முடிவு ஆரம்பிக்கிறது.

மறுப்பு எப்போது வேண்டும்? மீட்டருக்குப் பார்க்கிற எல்லாமே நடுச்சாம்பல் என்று நினைப்பு. இன்றைய கேமராக்கள் கொஞ்சம் சமாளிக்கின்றன, ஆனாலும் அடிப்படைச் சுபாவம் அதுதான். வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பெரியவர்கள் வரிசையாக நின்றால், 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று படத்தை இருட்டாக்கும். வேட்டி அழுக்காகும், முகங்கள் கறுக்கும். அங்கே காம்பன்சேஷனில் +1 வைக்க வேண்டும். மணவறைக்குப் பின்னால் சீரியல் விளக்குச் சுவர் இருந்தாலும் அதே +1. எருமைக்கும் கறுப்பு நாய்க்கும் −1.

இங்கே தோல் நிறத்தையும் பேசியாக வேண்டும். ஆன்சல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறையில், வெள்ளைக்காரர்களின் சராசரித் தோல் ஆறாம் ஸோன். கறுத்த தோல் ஐந்தாம் ஸோன், அதாவது நடுச்சாம்பல். முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டு என்று அங்கே எழுதிய அறிவுரையை அப்படியே நம் மாநிறத்துக்குப் போட்டால் முகம் வெளிறிப்போகும். நம்மில் பலருக்கு முகத்தை ஸ்பாட் மீட்டரில் அளந்து அப்படியே எடுத்தாலே சரி. இறக்குமதிப் பாடத்தில் இதையெல்லாம் நாமே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்போ எந்த வரிசையில் கற்பது

முக்கோணத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஈடுகட்டும் கணக்குக்கு அது சரியாகவே வேலை செய்யும். எதற்காக ஈடுகட்டுகிறோம் என்பதை அது சொல்வதில்லை. நான் யாருக்காவது சொல்லித்தந்தால் இந்த வரிசையில் சொல்வேன்.

முதலில் வெளிச்சம். ஒரு வாரம் ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6 என்று நிறுத்திவிட்டு, வாசல், கூடம், சமையலறை, பிரகாரம் என்று ஒவ்வொரு இடத்திலும் கேமரா என்ன ஷட்டர் ஸ்பீடு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படம்கூட எடுக்க வேண்டாம். ஜன்னலிலிருந்து நாலு அடி தள்ளினால் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிட்டால், ஆளை ஜன்னல் பக்கம் நகர்த்தத் தானாகத் தோன்றும். அதைவிட மலிவான லென்ஸ் கிடையாது.

இரண்டாவது, அசைவு. உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/60, நடமாடுகிறவருக்கு 1/125, ஓடுகிற குழந்தைக்கு 1/500. இதை முதலில் முடிவு செய்து பூட்டிவிடுங்கள்.

மூன்றாவது அபர்ச்சர். இங்கே பீட்டர்சனின் மூன்று வகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓ கடைசி. ஆட்டோவில் விடுங்கள், உச்சவரம்பு 6400. இப்போது விற்கும் கேமராக்களில் பெரும்பாலும் மேனுவல் மோடிலேயே ஆட்டோ ஐஎஸ்ஓ வைக்கலாம். அசைவும் ஆழமும் உங்கள் கையில், மிச்சம் கேமரா கையில். பளிச்சென்று ஆக்குவதும் இருட்டாக்குவதும் காம்பன்சேஷன் பட்டனில், உங்கள் கேமரா அந்த மோடில் அதை அனுமதித்தால். இல்லையென்றால் ஏவி-யோ டிவி-யோ போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புத்தகத்தை வாங்கலாமா என்றால், வாங்கலாம். அபர்ச்சர், ஷட்டர், மீட்டர் பற்றிய அத்தியாயங்களை இரண்டு முறை வாசியுங்கள். தேனீ வரும் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுங்கள். முக்கோணப் படத்தின் நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் ஒரு பென்சிலால் 'வெளிச்சம்' என்று எழுதி வையுங்கள். மற்ற எண்களெல்லாம் அதற்கு அப்புறம்தான்.